கடற்கரையில் ஒரு தத்துவப் பாடம்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

கலைப் பிரிவாயினும் அறிவியல் பிரிவாயினும் வணிகவியலாயினும், நாம் அனைவரும் எழுதித் தீர வேண்டிய தாள் ஒன்று உண்டு. அது சுற்றுச்சூழல் கல்வி. இத்தாள் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாறு பலரும் அறியாதது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு ஆணையிட்டது. அதன் விளைவாகப் பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலைப் பட்ட மாணவர் அனைவருக்கும் பொதுவான பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. மொத்தம் 8 அலகுகள்; 50 மணி நேரம். எட்டாம் அலகின் பெயர் களப்பணி. அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் 5 மணி.

முதல் ஏழு அலகுகளில் வினாக்கள் வருகின்றன, ஆகவே படிக்கிறோம். எட்டாம் அலகோ பல இடங்களில் ஓர் அறிக்கை ஏட்டோடு முடிந்துவிடுகிறது. குளத்தின் படம் ஒன்று, உணவுச் சங்கிலியின் படம் ஒன்று, ஆசிரியரின் கையொப்பம் ஒன்று. குளத்தங்கரையில் கால் வைக்காமலே குளத்தைப் பற்றி எழுதிவிட முடிகிறது.

அந்த 5 மணி நேரந்தான் இத்தாளின் உயிர்நாடி என்பது என் கருத்து. குறிப்பாக, சுற்றுச்சூழல் தத்துவம் எனப்படும் பகுதியை வகுப்பறைக்குள் வைத்து முழுமையாகக் கற்பிக்கவே முடியாது என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களை நம் தமிழகக் கடற்கரை ஒன்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

விஞ்ஞானக் கேள்வியும் தத்துவக் கேள்வியும்

'தத்துவம்' என்றதும் நம்மில் பலர் அது துறவிகளுக்கு உரியது என்று ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் அது மிக எளிய வேறுபாடு ஒன்றில் தொடங்குகிறது. கடல்நீரின் வெப்பம் எவ்வளவு உயர்ந்தால் பவளப்பாறை வெளுக்கும் என்பது விஞ்ஞானக் கேள்வி. கருவி கொண்டு அளந்து விடை கூறலாம். பவளப்பாறையைக் காப்பதற்காக ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கலாமா என்பது தத்துவக் கேள்வி. இதற்கு எந்தக் கருவியும் விடை கூறாது. 'எது உள்ளது' என்பதை விஞ்ஞானம் சொல்லும். 'எது செய்யத் தக்கது' என்பதைத் தத்துவம் கேட்கும்.

இரண்டாம் வகைக் கேள்விக்கு அறிஞர்கள் பல விடைகளைத் தந்துள்ளனர். அமெரிக்காவில் வனத்துறையில் பணிபுரிந்த ஆல்டோ லியோபோல்டின் நூல் 1949இல், அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. மண், நீர், செடி, விலங்கு யாவும் சேர்ந்த ஒரே சமூகத்தில் மனிதன் எஜமானன் அல்லன், ஓர் உறுப்பினன் மட்டுமே என்பது அவர் வாதம். நார்வே நாட்டுத் தத்துவப் பேராசிரியர் ஆர்னி நேஸ் 1973இல் 'ஆழ்ந்த சூழலியல்' என்னும் கருத்தை முன்வைத்தார். மனிதனுக்குப் பயன்படுகிறதா என்று பாராமல், ஒவ்வோர் உயிருக்கும் தனக்கே உரிய மதிப்பு உண்டு என்றார்.

கேரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை வேறு கோணத்தில் அமைந்தது. எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் லாபத்துக்காக இன்னுமொரு மாட்டை ஓட்டி விடுவான். முடிவில் நிலமே அழியும் என்று அவர் எச்சரித்தார். அவ்வாறாயின் பொதுச்சொத்தைக் காக்க ஒன்று அரசு கட்டுப்படுத்த வேண்டும், இல்லையேல் தனியார் கையில் ஒப்படைக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் இதை ஏற்கவில்லை. உலகின் பல பகுதிகளில் மீனவரும் உழவரும் தாங்களே விதி வகுத்துப் பொதுவளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததை 1990இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

நம் நாட்டு வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா 1989இல் எழுப்பிய கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. பரந்த நிலமும் குறைந்த மக்களும் உள்ள அமெரிக்காவில் பிறந்த 'மனிதர் நுழையாக் காடு' என்னும் எண்ணத்தை, மக்கள் நெருங்கி வாழும் நம் நாட்டில் அப்படியே நட்டால், ஏழையின் கையிலிருப்பது பறிக்கப்பட்டு வசதி படைத்தவனின் கண்காட்சியாகிவிடும் என்பது அவர் வாதம்.

இந்த ஐந்து கருத்துகளையும் ஐந்து பத்திகளாக மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் ஐவரும் ஒருவரோடொருவர் முரண்படுகின்றனரே, இவர்களுள் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் என்ன சொல்வது? இங்கேதான் களம் தேவைப்படுகிறது.

மன்னார் வளைகுடா என்னும் வகுப்பறை

விலங்கியல் மாணவர்களுக்கு மண்டபம் புதிய ஊரன்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அங்கேதான் தலைமையிடம் கொண்டிருந்தது. அருகிலுள்ள குருசடைத் தீவின் பெயர், அரைநாணியாகிய பலனோகிளாசஸைப் படிக்கும் எவர்க்கும் மனத்தில் நிற்கும். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவாக மாணவர்கள் அங்குச் செல்கின்றனர். கண்ணாடிக் குடுவையில் ஃபார்மலினில் ஊறும் உயிரினங்களைப் பார்த்துப் பெயர் குறித்துக்கொண்டு திரும்புகின்றனர். அந்தக் கடலில் இறங்கிப் பிழைக்கும் மனிதர்களோடு ஒரு வார்த்தை பேசுவது சுற்றுலாத் திட்டத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ளன. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வது இந்தக் கடற்புல்லைத்தான். தமிழக அரசு 1986இல் இத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. லியோபோல்டும் நேஸும் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்தத் தீவுகளை ஒட்டிய பாறைகளில்தான் கரையோரப் பெண்கள் பாசி எடுத்து வந்தனர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் இட்ட பெயர்கள் பல. முதல் இரண்டிலிருந்தும் அகர் கிடைக்கிறது. நம் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் உறைந்து நிற்கிறதே, அதே அகர்தான். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் கிழிபட்டுப் பறித்து வருவது இந்தப் பெண்கள். தேசியப் பூங்கா என்று ஆனபின் அதற்குள் நுழைவதும் எதையும் எடுப்பதும் சட்டப்படி தடை. நேற்றுவரை தொழிலாக இருந்தது குற்றமாயிற்று.

ஆக, உயிரினங்களின் உரிமை ஒருபுறம், உழைப்பவரின் உரிமை மறுபுறம். புத்தகத்தில் நாம் படித்த வாதங்கள் எல்லாம் இந்த ஒரு கரையில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

கரையில் கேட்டவை

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மண்டபம் சென்றபோது, பேராசிரியரின் அனுமதியுடன் நாங்கள் சிலர் ஒரு மாலைப்பொழுதைக் கரையோரக் குடியிருப்பில் கழித்தோம். பாசியை மணலில் உலர்த்திக்கொண்டிருந்த மூத்த பெண் ஒருவரிடம், "மாதம் முழுவதும் கடலுக்குப் போவீர்களா, அம்மா?" என்று கேட்டோம்.

"பன்னெண்டு நாளுதான் பிள்ளைகளா. மத்த நாளு போகமாட்டோம். மீனு முட்டையிடுற காலத்துலயும் போகமாட்டோம்."

"அதிகாரிகள் அப்படி உத்தரவு போட்டிருக்கிறார்களா?"

"உத்தரவு எதுக்கு? நாங்களே கூடிப் பேசி வச்சதுதான். இரும்பை வச்சுச் சுரண்டக் கூடாது, கையாலதான் பறிக்கணும். வேரோட பிடுங்கிட்டா அடுத்த மாசம் போயி என்னத்தை எடுக்குறது?"

இந்த விடையில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று தாவரவியல். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ளும் பற்றுறுப்பே உண்டு. அதை விட்டுவைத்துக் கிள்ளினால் எஞ்சிய பகுதியிலிருந்து மீண்டும் தழைக்கும். அந்த அம்மையார் 'வேர்' என்றது இதைத்தான். சொல் வேறாயினும் அறிவு ஒன்றே.

மற்றது தத்துவம். ஹார்டின் கூற்றுப்படி, பொதுக்கடலில் ஒவ்வொருத்தியும் தன்னால் இயன்ற மட்டும் பறித்துத் தீர்த்திருக்க வேண்டும். இவர்களோ கூடிப் பேசி மாதத்தில் 12 நாள் என்று தமக்குத் தாமே எல்லை கட்டியிருக்கிறார்கள். ஆஸ்ட்ரம் தம் நூலில் சொன்னவற்றுள் முதன்மையானது, விதிக்கு உட்படுகிறவர்களே விதியை வகுப்பதில் பங்கு பெற வேண்டும் என்பது. அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன். பாசி உலர்ந்த மணலில் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. இப்பெண்களின் சங்கத் தலைவி ஒருவருக்கு, தீவுகளின் பாதுகாப்புக்காகப் பணியாற்றும் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பு 2015இல் விருது அளித்தது. பூங்காவுக்கு இடையூறு என்று கருதப்பட்டவர்களுள் ஒருவருக்கே பாதுகாப்புக்கான பரிசு கிடைத்தது நம் சிந்தனைக்கு உரியது.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவு கேட்டதும், 'மக்கள் பக்கமே நியாயம். பூங்கா வேண்டாம்' என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அது களப்பணியின் பயன் ஆகாது. மனப்பாடத்துக்குப் பதில் உணர்ச்சியை வைத்தது மட்டுமே ஆகும்.

இதே கடலில் பல்லாண்டுக் காலம் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்பட்டன. 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிப் போயின. அலையைத் தடுத்து நின்ற பாறையை இழந்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வெட்டியவர்களும் ஏழைத் தொழிலாளரே. எனவே ஏழை செய்வதெல்லாம் இயற்கைக்கு உகந்தது என்று சொல்லிவிட முடியாது. சட்டம் எதுவுமே இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை தீவுகள் எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே சமயம் வேறோர் உண்மையையும் மறக்கலாகாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் உயர்ந்து இங்குள்ள பவளங்கள் வெளுத்தன. அந்த வெப்பத்தை உண்டாக்கியவர்கள் பாசி எடுப்பவர்கள் அல்லர். உலகெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததன் விளைவு அது. காரணம் ஒருவர், கட்டுப்பாடு மற்றொருவருக்கு என்றால் அது எவ்வகை நீதி?

கடல் அட்டையை எடுத்துக்கொள்வோம். 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இந்தக் கரையில் அதைப் பிடிப்பது குற்றம். எதிரே இலங்கைக் கரையில் உரிமம் பெற்று அதைப் பிடிப்பது தொழில். ஒரே கடல், ஒரே உயிர், இரண்டு சட்டங்கள். உயிருக்குத் தனக்கே உரிய மதிப்பு உண்டு என்ற நேஸின் கருத்து உண்மையானால், அந்த மதிப்பு எல்லைக்கோட்டைத் தாண்டியதும் எப்படி மாறும்? மாறாதென்றால், இரண்டு சட்டங்களில் எது தவறு? இவ்வளவு கூர்மையான வினாவை எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை.

இங்கே நம் மரபையும் நினைவுகூர்வது பொருந்தும். தொல்காப்பியம் கருப்பொருள் என்று வகுப்பதில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு மக்களின் தொழிலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. நெய்தல் என்றால் கடல் மட்டும் அன்று. கடலும் புன்னையும் நாரையும் வலை வீசும் மனிதனும் சேர்ந்ததே நெய்தல். இதனால் பழந்தமிழர் இன்றைய சூழலியலை அறிந்திருந்தனர் என்று மிகைப்படக் கூற நான் விரும்பவில்லை. ஆனால் மனிதனை நீக்கிவிட்டு ஒரு நிலத்தை எண்ணிப் பார்ப்பது நம் மொழிக்கு இயல்பாக வராத ஒன்று என்பது தெளிவு.

எவ்வாறு கற்பிக்கலாம்?

குறை கூறுவதோடு நில்லாமல், நம் கல்லூரி மேற்கொள்ளத்தக்க முறை ஒன்றை ஆசிரியப் பெருமக்களின் பார்வைக்கு வைக்கிறேன். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அந்த 5 மணி நேரமே போதும்.

முதல் மணி நேரம் வகுப்பறையில். மேலே கூறிய ஐந்து கருத்துகளையும் ஆசிரியர் சுருக்கமாக விளக்குவார். பின் ஒரே ஒரு வினா: 'தீவுகளைக் காப்பதற்காகப் பாசி எடுப்பவர்களைத் தடுக்கலாமா?' ஒவ்வொருவரும் ஒரு பக்க அளவில் விடை எழுதி, உறையிலிட்டு ஒட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த மூன்று மணி நேரம் கரையில். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழு பாசி எடுக்கும் பெண்களிடமும், ஒரு குழு நாட்டுப் படகு மீனவரிடமும், ஒரு குழு வனத்துறையினர் அல்லது விஞ்ஞானிகளிடமும், ஒரு குழு பாசி வாங்கும் வியாபாரியிடமும் செல்ல வேண்டும். யாரிடம் சென்றார்களோ அவர் தரப்பை, அவர் இல்லாத இடத்தில், அவர் கேட்டாலும் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டும். எதிர்த்து வாதிடுவதைவிட இது கடினமானது.

கடைசி மணி நேரம் மீண்டும் வகுப்பறையில். உறையைப் பிரித்துத் தம் பழைய விடையைப் படித்துப் பார்த்து, இரண்டாம் விடை ஒன்று எழுத வேண்டும். எந்தப் பக்கம் சேர்ந்தார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. விடை மாறியிருந்தால் ஏன் மாறியது, மாறவில்லையென்றால் எந்தச் சான்றைக் கேட்ட பின்னும் ஏன் மாறவில்லை என்று காட்டுவதற்கே மதிப்பெண்.

சில கட்டுப்பாடுகளும் தேவை. ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெண்கள் கடலுக்குப் போகும் நேரத்தில் வழிமறித்துப் பேச்சுக் கொடுக்கலாகாது. கேளாமல் புகைப்படம் எடுக்கலாகாது. நினைவுப் பொருளாகப் பவளத் துண்டைக்கூட எடுத்து வரலாகாது. அதுவும் சட்டப்படி குற்றமே. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதிய அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் அந்த ஊராருக்கே படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சொன்னது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

கடல் தொலைவிலுள்ள கல்லூரிகளும் இதைச் செய்யலாம். கண்மாய், கல்குவாரி, சாயப்பட்டறை ஓடும் ஆற்றங்கரை என்று கேள்வி இல்லாத ஊர் ஏது?

நமக்கு இதனால் என்ன?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் மழையை நம்பிய மானாவாரி ஊர். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என் கல்லூரிக் கட்டணத்தில் அந்தக் கரியும் உண்டு. பாடநூலில் சீமைக் கருவேல் 'அயல் தாவரம். அகற்றப்பட வேண்டியது' என்று ஒரே வரியில் முடிகிறது. அந்த வரி விஞ்ஞானப்படி சரியே. நானும் தேர்வில் அவ்வாறே எழுதினேன், இனியும் எழுதுவேன். ஆனால் அந்த வரிக்கு அடுத்த வரி ஒன்று உண்டு. 'அகற்றிய பின் அவர்கள் எதைக் கொண்டு பிழைப்பார்கள்?' என்பது. அந்த வரி நூலில் இல்லை. மூட்டத்தின் புகையில் நின்றவர்களுக்கே அது தெரியும்.

நம் கல்லூரியில் என்னைப் போன்று முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்தவர்களே மிகுதி. நம்மில் பலர் அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கிறோம். நாளை நம்முள் ஒருவர் வனக்காப்பாளர் ஆகலாம். ஒருவர் மீன்வளத் துறை ஆய்வாளர் ஆகலாம். ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு எழுதலாம். இன்று விடைத்தாளில் நாம் எழுதுவது, அன்று யாரோ ஒருவருடைய படகை நிறுத்தும் ஆணையாகும். அந்தக் கையொப்பத்தை இடும் முன் இரண்டு பக்கமும் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். பழகுவதற்கு நமக்குக் கொடுக்கப்பட்டுள்ள நேரம் 5 மணி.

ஆசிரியப் பெருமக்களே, அந்த 5 மணி நேரத்தை எங்களுக்குத் தாருங்கள். மாணவ நண்பர்களே, கிடைத்தால் அதை உல்லாசப் பயணமாக்கிவிடாதீர்கள். கடற்காயலும் தீவும் பாசியும் ஆவுளியாவும் நமக்குப் பின்னும் வாழ வேண்டும். அவற்றோடு சேர்ந்து அந்தக் கரையின் மக்களும் வாழ வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க என்ன வழி என்று தேடுவதே சுற்றுச்சூழல் தத்துவம். அதற்கான விடை எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. எழுத வேண்டிய பொறுப்பு, படித்துக்கொண்டிருக்கும் நம் தலைமுறையைச் சேர்ந்தது.